ஏடி என்றால் என்ன? சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

செஸ்னா 172-இல் விமானியின் இருக்கை, தரையில் பொருத்திய இரண்டு தண்டவாளங்களின் மேல் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள பின் (உலோக முளை) ஒன்று ஒரு துளைக்குள் இறங்கினால் இருக்கை அங்கே நிற்கும். பல ஆண்டுகள் இழுத்துத் தள்ளியதில் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும், பின்னின் நுனியும் தேயும். விமானம் மூக்கைத் தூக்கி மேலேறும்போது அந்தப் பின் நழுவினால் இருக்கை சரேலென்று பின்னால் ஓடும். விமானி கையில் இருப்பது கண்ட்ரோல் வீல் மட்டும்தான். விழாமலிருக்க அதையே பிடித்து இழுப்பார். மூக்கு இன்னும் மேலே போகும், வேகம் விழும், விமானம் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும். பெடலுக்குக் காலும் எட்டாது. இப்படி உயிர்ப்பலிகள் நடந்திருக்கின்றன.

இதற்காக அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிட்ட ஆணைதான் எண் 2011-10-09. செஸ்னாவின் 150, 172, 182 உள்ளிட்ட ஒரு பெரும் வரிசைக்கே இது பொருந்தும். 100 மணி நேரம், 12 மாதம் என்ற கணக்கில் இருக்கையையும் தண்டவாளத்தையும் திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொல்கிறது. துளையின் தேய்மானம் 0.42 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் தண்டவாளத்தை மாற்ற வேண்டும். இருக்கையின் முன்விளிம்பைத் தூக்கி ஆட்டத்தை எடுத்துவிட்டுப் பார்க்கும்போது, பின் குறைந்தது 0.15 அங்குலம், அதாவது 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, துளைக்குள் இறங்கியிருக்க வேண்டும். துளைக்குள் மண்ணோ கம்பள நூலோ அடைத்திருந்தால் பின் முழுதாக இறங்காது. அதையும் சுத்தம் செய்யச் சொல்கிறது. ஸ்பிரிங், ரோலர், தண்டவாளத்தில் விரிசல் எல்லாம் பட்டியலில் உண்டு. மொத்தத்தில் ஒரு டார்ச்சும் கேலிப்பரும் இருந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும் வேலை.

இப்படிப்பட்ட ஆணைக்குப் பெயர் ஏர்வொர்த்தினெஸ் டைரக்டிவ். தமிழில் வான்தகுதி ஆணை என்று சொல்லலாம். ஹேங்கரில் எல்லோரும் ஏடி என்றுதான் சொல்வார்கள், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம். கீழே வரும் விதிகள் அமெரிக்காவில் பதிவான தனியார் விமானங்களுக்கானவை. இந்தியாவில் பறக்கும் செஸ்னா, பைப்பர் விமானங்களுக்கும் இந்த ஏடிக்கள் அந்நியமில்லை. வடிவமைத்த நாட்டின் ஆணையை இங்குள்ள விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ-வும் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஏடி எப்போது வரும், எது ஏடி இல்லை

அமெரிக்க விமான விதிகளில் 39-ஆம் பகுதி முழுக்க ஏடி பற்றியது. மிகச் சிறிய பகுதி, ஒரு காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். விமானம் வாங்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஏடி பிறப்பிக்க அது இரண்டு நிபந்தனைகள் சொல்கிறது. ஒரு தயாரிப்பில் பாதுகாப்பற்ற நிலை இருக்க வேண்டும். அதே வடிவமைப்பில் உருவான மற்றவற்றிலும் அந்த நிலை இருக்கவோ உருவாகவோ வாய்ப்பு இருக்க வேண்டும். உங்கள் விமானத்தில் மட்டும் யாரோ தவறான போல்ட்டைப் போட்டுவிட்டார்கள் என்றால் அதற்கு ஏடி வராது. அது வெறும் பழுது.

ஏடி என்பது அறிவுரை அல்ல, சட்டம். நிறைவேற்றாமல் பறந்தால் விதிமீறல். அதுவும் ஒவ்வொரு பறப்பும் தனித்தனி மீறலாக எண்ணப்படும் என்று 39.9 பிரிவு சொல்கிறது. மறந்துபோன ஒரு ஏடியோடு வார இறுதிகளில் 30 முறை பறந்தால் அது 30 மீறல்.

சர்வீஸ் புல்லட்டினை ஏடி என்று நினைத்துக் குழம்புபவர்கள் நிறைய. புல்லட்டின் வெளியிடுவது தயாரித்த கம்பெனி, ஏடி வெளியிடுவது அரசு. புல்லட்டினின் தலையில் “கட்டாயம்” என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தாலும், சொந்த உபயோகத்துக்குப் பறக்கும் தனியாருக்கு அது தானாகச் சட்டம் ஆகாது. ஏடி ஒன்று அந்தப் புல்லட்டினைக் குறிப்பிட்டு “இதன்படி செய்” என்றால்தான் சட்டமாகும். அப்போதும் எந்தத் திருத்தப் பதிப்பை ஏடி குறிப்பிடுகிறதோ அதுதான் செல்லும். பிந்திய பதிப்பு கையில் கிடைத்தது என்பதற்காக அதை வைத்து வேலை செய்ய முடியாது, ஏடியே அனுமதித்திருந்தால் தவிர. புல்லட்டினும் ஏடியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் ஏடி சொல்வதே முடிவு. இதெல்லாம் புல்லட்டினைக் குப்பையில் போடுவதற்கான காரணம் அல்ல. பல ஏடிக்கள் புல்லட்டினாகத்தான் முதலில் தலைகாட்டும்.

யார் பொறுப்பு?

“அதெல்லாம் என் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்” என்பதுதான் புதிதாக விமானம் வாங்கியவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 91.403 பிரிவின்படி, விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் முதன்மைப் பொறுப்பு உரிமையாளருக்கோ இயக்குபவருக்கோதான், ஏடிக்களும் அதில் அடக்கம். மெக்கானிக் தான் செய்த வேலைக்குப் பொறுப்பு. வருடாந்தரச் சோதனையான ஆன்யுவலில் கையெழுத்திடும் ஐஏ (சோதனை அதிகாரம் பெற்ற மெக்கானிக்), அந்தத் தேதியில் விமானம் இருந்த நிலைக்குப் பொறுப்பு. அடுத்த வாரம் வரும் புது ஏடிக்கும், ஐந்தாவது மாதத்தில் தவணை வரும் பழைய ஏடிக்கும் அந்தக் கையெழுத்து காவல் இல்லை. அதைக் கவனிக்க வேண்டியவர் நீங்கள்.

உங்களுக்குப் பொருந்துபவற்றைக் கண்டுபிடிப்பது

முதலில் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 2011-10-09 என்றால் 2011-ஆம் ஆண்டு, அந்த ஆண்டின் 10-ஆவது இருவாரம், அதில் 9-ஆவது ஆணை. 1999 வரை ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும் போட்டார்கள், ஆகவே 76-07-12 என்பது 1976. பின்னால் ஆர்1, ஆர்2 என்று ஒட்டியிருந்தால் அது திருத்தம். பழையதை முழுதாக நீக்கிப் புதியது வந்தால் புது எண் பெறும். மேலே சொன்ன சீட் ரெயில் ஏடி 87-20-03-இன் இடத்தைப் பிடித்தது அப்படித்தான். பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் பழைய எண்ணையே வருடாவருடம் நகல் எடுத்துக்கொண்டிருக்கும் விமானங்கள் இன்னும் உண்டு.

அடுத்து ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு விமானத்திடமே போங்கள். மாடல், சீரியல் எண்களை லாக்புக்கிலிருந்து எழுதாதீர்கள், தகட்டிலிருந்து எழுதுங்கள். விமான உடலான ஏர்ஃபிரேம், இன்ஜின், புரொப்பல்லர் மூன்றுக்கும் தனித்தனி ஏடிப் பட்டியல். நான்காவது பட்டியல்தான் பலரையும் கவிழ்ப்பது: மேக்னட்டோ (இன்ஜினின் தீப்பொறிக்கு மின்சாரம் தருவது), கார்புரேட்டர், இக்னிஷன் சுவிட்ச், சீட் பெல்ட் போன்ற துணைக்கருவிகள். செஸ்னா 172 என்று தேடினால் அதிலுள்ள மேக்னட்டோவின் ஏடி வராது. மேக்னட்டோவைச் செய்த கம்பெனியின் பெயரில் தேட வேண்டும். விமானத்தில் எஸ்டிசி என்ற வடிவமைப்பு மாற்ற அனுமதியோடு ஏதாவது மாற்றம் செய்திருந்தால் அந்த எஸ்டிசி பெயரிலும் தேட வேண்டும். இன்ஜின் மாடலில் கடைசி எழுத்து வரை முக்கியம். லைகமிங் ஓ-320 என்று மட்டும் எழுதிவைத்தால் போதாது. ஓ-320-ஈ2டி வேறு, ஓ-320-எச்2ஏடி வேறு.

தேடும் இடம் எஃப்ஏஏ நடத்தும் டிஆர்எஸ் தளம், இலவசம். கிடைக்கும் ஒவ்வொரு ஏடியிலும் முதலில் படிக்க வேண்டியது “யாருக்குப் பொருந்தும்” என்ற பத்தி. மாடல், சீரியல் எண் வரம்பு, சில சமயம் பாகத்தின் எண், சில சமயம் ஓடிய மணி நேரம் என்று அதில் வடிகட்டி இருக்கும். பொருந்தாதவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். “சீரியல் எண்படி பொருந்தாது” என்று காரணத்தோடு ஒரு வரி எழுதி வைத்தால் அடுத்த வருடம் அதே ஏடியை மறுபடி தோண்ட வேண்டியதில்லை. விமானத்தின் அந்தப் பகுதி மாற்றியமைக்கப்பட்டிருந்தாலும் ஏடி பொருந்தும் என்பதை 39.15 தெளிவாகச் சொல்கிறது. “அதுதான் வேறு பாகம் போட்டாச்சே” என்பது தானாக விடுதலை தராது.

இந்தப் பட்டியல் ஒருமுறை செய்து மூடிவைக்கும் காகிதமும் இல்லை. பழைய மேக்னட்டோவைக் கழற்றிவிட்டு யாரிடமோ வாங்கிய வேறொன்றைப் போட்டால், அந்தப் பெட்டியோடு அதன் ஏடியும் சேர்ந்து வருகிறது.

தவணைக் கணக்கு

தவணைகள் பல விதம். “அடுத்த பறப்புக்கு முன்” என்றால் பேச்சே இல்லை. “50 மணி நேரத்துக்குள்”, “12 மாதத்துக்குள்” என்பவை அடுத்தவை. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது “எது முந்துகிறதோ” என்றிருக்கிறதா, “எது பிந்துகிறதோ” என்றிருக்கிறதா என்பதை விரல் வைத்துப் படியுங்கள். ஒரே சொல்லில் எல்லாமே தலைகீழாகிவிடும்.

ஏடியில் மணி நேரம் என்றால் டைம் இன் சர்வீஸ், அதாவது சக்கரம் தரையை விட்டது முதல் மறுபடி தொடும் வரை. இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் கணக்கு வைக்கும் ஹாப்ஸ் மீட்டர் இதைவிட அதிகம் காட்டும். பெரும்பாலோர் இன்ஜின் சுழற்சியை வைத்து எண்ணும் டேக்கோமீட்டர் கணக்கையே பயன்படுத்துகிறார்கள். எதை எடுத்தாலும் எல்லாப் பதிவிலும் அதையே எழுதுங்கள். டேக்கோவை மாற்றி எண் பூச்சியத்துக்கு வந்துவிட்டால், பழைய எண்ணும் புது எண்ணும் மாற்றிய தேதியும் லாக்புக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் வருபவர் எந்தக் கணக்கையும் நம்ப முடியாது.

ஒரு பொறி இருக்கிறது. வாடகைக்கும் பயிற்சிக்கும் ஓடும் விமானங்களுக்கான 100 மணி நேரச் சோதனைக்கு, சோதனை நடக்கும் இடத்துக்குப் பறந்து போய்ச் சேர 10 மணி நேரம் வரை சலுகை உண்டு. ஏடிக்கு அந்தச் சலுகை கிடையாது, ஏடியே எழுதித் தந்திருந்தால் ஒழிய. 100 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஏடியை 100 மணி நேரச் சோதனையோடு சேர்த்துச் செய்வது வழக்கம். சோதனை 106-ஆவது மணியில் நடந்தால் சோதனை சட்டப்படி சரி, ஏடி தவணை தவறியது.

எல்லாத் தவணையும் இவ்வளவு நேரடியாக இருக்காது. பைப்பர் பிஏ-28, பிஏ-32 வகைகளில் பலவற்றுக்குப் பொருந்தும் 2020-26-16-ஐப் பாருங்கள். 2018 ஏப்ரல் 4 அன்று ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு பயிற்சி விமானத்தின் இடது இறக்கை பறப்பில் முறிந்து இரண்டு பேர் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் முதன்மை ஸ்பாரின் கீழ்ப்பகுதியில், போல்ட் துளையிலிருந்து உலோகச் சோர்வால் விரிசல் ஓடியிருந்தது. பயிற்சி விமானம் தாழப் பறக்கிறது, நாளுக்குப் பலமுறை இறங்கி ஏறுகிறது, கடினமாகவும் இறங்குகிறது. வார இறுதியில் மட்டும் பறக்கும் விமானத்தின் ஸ்பார் அவ்வளவு அடி வாங்குவதில்லை. இந்த வேறுபாட்டைப் பிடிக்க எஃப்ஏஏ ஒரு சூத்திரம் வைத்தது. நடந்த 100 மணி நேரச் சோதனைகளின் எண்ணிக்கையை 100-ஆல் பெருக்க வேண்டும். மொத்த மணி நேரத்தில் அதைக் கழித்து, மிச்சத்தை 17-ஆல் வகுத்து, இரண்டையும் கூட்ட வேண்டும். 5,000-ஐத் தொட்டால் போல்ட் துளைகளில் எடி கரண்ட் சோதனை, அதாவது மின்காந்த முறையில் விரிசல் தேடுவது.

ஒரு விமானம் 6,000 மணி நேரம் ஓடியிருக்கிறது, லாக்புக்கில் நாற்பது 100 மணி நேரச் சோதனைகள் என்று வைத்துக்கொள்வோம். 4,000-உம், மிச்சம் 2,000-ஐ 17-ஆல் வகுத்த 118-உம் சேர்ந்து 4,118. இன்னும் எல்லைக்குள். இன்னொன்று 6,200 மணி நேரம், ஐம்பத்தைந்து சோதனைகள்: 5,500-உம் 41-உம் சேர்ந்து 5,541. சோதனை செய்தாக வேண்டும். மொத்த ஓட்டத்தில் 200 மணிதான் வித்தியாசம், கதையோ முற்றிலும் வேறு. எந்தச் சோதனைகளை எண்ண வேண்டும் என்பதை ஏடியின் சொற்களை வைத்தே முடிவு செய்யுங்கள். ஸ்பாருக்கான பதிவுகள் தொலைந்திருந்தாலோ, எங்கிருந்தோ கழற்றிய பழைய ஸ்பார் போடப்பட்டிருந்தாலோ சூத்திரம் காப்பாற்றாது, சோதனைதான். தொலைந்த லாக்புக்கின் விலை என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அந்தச் சோதனையை எந்த மெக்கானிக்கும் செய்துவிட முடியாது. பாகத்தைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் அழிக்காச் சோதனையில் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலைச் சான்று பெற்றவர் வேண்டும். போல்ட்டை உருவும்போது துளையின் உட்சுவரில் கீறல் விழுந்தால், அந்தக் கீறலே கருவியில் விரிசல் போலக் காட்டி இறக்கையையே நிராகரிக்க வைக்கலாம். அவசரக்காரர் கையில் கொடுக்கும் வேலை இல்லை.

யார் செய்யலாம், எப்படி எழுத வேண்டும்

ஏடி வேலையைப் பொதுவாக ஏ அண்ட் பி (ஏர்ஃபிரேம், இன்ஜின்) உரிமம் பெற்ற மெக்கானிக் செய்து கையெழுத்திடலாம். ஒவ்வொன்றுக்கும் ஐஏ தேவையில்லை. உரிமையாளரான விமானி தானே செய்யக்கூடியவை மிகச் சில, அவற்றில் ஒன்று 76-07-12. சில பெண்டிக்ஸ் இக்னிஷன் சுவிட்சுகளில், சாவியை ஆஃபில் வைத்தாலும் உள்ளே தொடுமுனை தேய்ந்து மேக்னட்டோ எர்த் ஆகாமல், அதாவது அணையாமல் இருக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது யாராவது புரொப்பல்லரைக் கையால் லேசாகத் திருப்பினாலும் அது வெடித்துச் சுழலலாம். 100 மணிக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை எளிது: இன்ஜினை மிகக் குறைந்த வேகமான ஐடிலுக்குக் கொண்டுவந்து, சாவியை ஆஃப் நிலையையும் தாண்டி அது போகும் கடைசி வரை திருப்ப வேண்டும். இன்ஜின் பற்றுவதை நிறுத்தினால் சுவிட்ச் நன்று. தொடர்ந்து ஓடினால் அடுத்த பறப்புக்கு முன் சுவிட்சை மாற்ற வேண்டும். ஐடிலில் மட்டுமே செய்யுங்கள். அதிக வேகத்தில் அணைத்துப் போட்டால் சைலன்சருக்குள் சேர்ந்த எரிபொருள் வெடித்து அதைக் கிழித்துவிடும்.

செய்த பிறகு எழுதாவிட்டால் செய்ததற்குச் சமம் இல்லை. 91.417 பிரிவு கேட்பது: ஏடி எண், திருத்தத் தேதி, எந்த முறையில் நிறைவேற்றப்பட்டது, திரும்ப வருவது என்றால் அடுத்தது எப்போது. இதோடு தேதி, செய்தவர் கையெழுத்து, உரிமத்தின் வகையும் எண்ணும். மேலே சொன்ன சோதனைக்கு லாக்புக் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: “ஏடி 76-07-12, இக்னிஷன் சுவிட்ச். ஐடிலில் சாவியை ஆஃபைத் தாண்டிக் கடைசி வரை திருப்பிச் சோதித்தேன், இன்ஜின் நின்றது. டேக்கோ 2,341.6. அடுத்த சோதனை டேக்கோ 2,441.6-இல்.” அவ்வளவுதான், இரண்டே வரி.

இதற்கு நேர் எதிர், பழைய லாக்புக்குகளில் பக்கத்துக்குப் பக்கம் காணும் “எல்லா ஏடிக்களும் நிறைவேற்றப்பட்டன”. எந்த ஏடி, எந்தப் பத்தியின்படி, சோதித்தார்களா மாற்றினார்களா எதுவும் அதில் இல்லை. பல ஏடிக்களில் இரண்டு வழி இருக்கும்: ஒவ்வொரு தவணையும் சோதித்துக்கொண்டே இருப்பது, அல்லது பாகத்தை மேம்பட்டதாக மாற்றி ஏடியையே முடித்துவிடுவது. முறையை எழுதாவிட்டால், முடிந்துபோன ஏடிக்கு இன்னும் பத்து வருடம் சோதனைக் கூலி கொடுப்பீர்கள், அல்லது முடியாத ஏடியை முடிந்ததாக நம்பிப் பறப்பீர்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏடியிலேயே மதிப்பீட்டுச் செலவு போட்டிருப்பார்கள். அதில் கூலியை நெடுங்காலமாக மணிக்கு 85 டாலர் என்று எடுத்து வருகிறார்கள். உங்கள் ஊர்ப் பட்டறையின் பில் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

செய்ய முடியாத நிலை வந்தால்

தவணை முடிந்துவிட்டது, விமானமோ பட்டறை இல்லாத ஊரில் நிற்கிறது என்றால் எஃப்ஏஏவிடம் சிறப்புப் பறப்பு அனுமதி கேட்கலாம். 8130-6 படிவம். ஒரு மெக்கானிக் பார்த்து, இந்த ஒரு பயணத்துக்கு ஆபத்தில்லை என்று எழுத வேண்டியிருக்கும். ஏடியே இந்த அனுமதியைத் தடுத்திருந்தால் விமானத்தை லாரியில் ஏற்ற வேண்டியதுதான். ஏடி சொல்லும் வழி உங்கள் விமானத்துக்கு ஒத்துவரவில்லை, அதே பாதுகாப்பைத் தரும் வேறு வழி இருக்கிறது என்றால் ஏஎம்ஓசி என்ற மாற்றுவழி ஒப்புதலுக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். எங்கே அனுப்ப வேண்டும் என்பது ஏடியின் கடைசிப் பத்திகளில் இருக்கும். ஒப்புதல் கைக்கு வரும் வரை அந்த வழி செல்லாது.

பழைய விமானம் வாங்கும்போது ஏடிப் பட்டியலின் கணினி அச்சைக் காட்டி “எல்லாம் சுத்தம்” என்பார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, திரும்ப வரும் ஏடிக்களில் இரண்டை மட்டும் எடுத்து, கடைசியாகச் செய்த மூலப் பதிவை லாக்புக்கில் காட்டச் சொல்லுங்கள். அச்சில் “முன்பே நிறைவேற்றப்பட்டது” என்றிருந்து, லாக்புக்கில் கையெழுத்திட்ட வரி எங்குமே இல்லாவிட்டால், அந்த வேலையை மறுபடி செய்யும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வாங்கிய பின் முகவரி மாறினால் 30 நாளுக்குள் ஓக்லஹோமா சிட்டியிலுள்ள பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவசர ஏடி வரும்போது எஃப்ஏஏ பதிவேட்டில் இருக்கும் முகவரிக்குத்தான் அனுப்பும். மின்னஞ்சல் அறிவிப்புக்கும் பதிந்துகொள்ளலாம், ஏர்ஃபிரேம், இன்ஜின், புரொப்பல்லர் மூன்றின் பெயரிலும் தனித்தனியாக.